ஈக்கு ஏறுவது வேறு, பழகுவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழ ஈக்களின் உடல் கடிகார மரபணுக்களையும் மதுவையும் பற்றி உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரைக்கு, ‘எந்த நேரத்தில் குடித்தால் தாங்கும் என்று உடல் கடிகாரமே சொல்லும்’ என்ற பொருளில் தலைப்பு வைத்திருந்தீர்கள். அந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கிட்டத்தட்ட அதற்கு எதிரான ஒன்றைத்தான் சொல்கின்றன. ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் விலங்கியல் கற்பிக்கிறவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கும் பக்கம் அது என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் படம். நீங்கள் போட்டிருந்தது மாம்பழ ஈ. வேளாண் துறையினர் ‘பழ ஈ’ என்று சொல்லி, மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்துப் பொறி கட்டச் சொல்வது அதற்குத்தான். ஏறக்குறைய வீட்டு ஈ அளவு இருக்கும். பழுக்கப் போகும் நல்ல காய்க்குள் ஊசி போன்ற உறுப்பால் குத்தி முட்டை வைத்துவிடும். ஆய்வுக்கூடத்து ஈ வேறு குடும்பம். அதன் பெயர் ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். நீளம் மூன்று மில்லிமீட்டருக்குள்தான். கண் செங்கல் சிவப்பு. ஆணின் வயிற்று நுனி கறுத்திருக்கும். வாழைத்தாரில் கனிந்து வெடித்த சீப்பைச் சுற்றியும், பனங்காட்டில் விழுந்து புளித்துக் கிடக்கும் பனம்பழத்தின் மேலும் புகைபோல எழும்புகிற பொடி ஈ இந்த இனத்தைச் சேர்ந்தது. நல்ல பழத்தை அது தொடாது. புளித்த வாடைக்கு வரும், ஈஸ்ட்டைத் தின்னும், ஈஸ்ட்டைக் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பழத்துக்குக் கொண்டுபோகும். சுண்ணாம்பு தடவாத பதநீர்க் கலயம் சீக்கிரம் புளிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

‘குடிகார ஈ’ என்ற வர்ணனையும் பொருந்தவில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று இதன் வாழ்க்கையே சாராயம் ஊறும் பழத்துக்குள்தான் கழிகிறது. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்து அந்தச் சாராயத்தை உடைத்து உணவாகவே ஆக்கிக்கொள்கிறது. ஒட்டுண்ணிக் குளவி ஈப்புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டுவிட்டால், அந்தப் புழு சாராயம் கூடுதலான உணவைத் தேடிப்போய்த் தின்று உள்ளே இருக்கும் குளவிப் புழுவைக் கொல்கிறது என்று அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தார் 2012இல் காட்டினார்கள். நமக்குக் குடி, அதற்கு அது சோறும் மருந்தும்.

இனி முக்கியமான விஷயம். நம் பேச்சுத் தமிழிலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன: ஏறுவது, பழகுவது. ஒருவருக்கு ஒரு கிளாஸிலேயே ஏறிவிடுகிறது, இன்னொருவருக்கு மூன்றானாலும் ஏறுவதில்லை என்பது ஒன்று. போன மாதம் ஒரு கிளாஸில் ஏறியவருக்கு இந்த மாதம் இரண்டு கேட்கிறது என்பது வேறு. முதலாவது உடம்பின் உணர்திறன். இரண்டாவதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் தாங்குதிறன். ஏற்கெனவே ஒருமுறை உள்ளே போன மதுவால் நரம்புகளில் ஏற்படுகிற மாற்றம் அது. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கடிகாரத்துக்கும் இவை ஒவ்வொன்றுக்கும் உள்ள தொடர்பு தனித்தனியானது.

ஈக்குப் பழகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? கள்ளை ஊற்றி வைத்துக் குடிக்க விடுவதில்லை. எந்த ஈ எவ்வளவு குடித்தது என்று தெரியாமல் போய்விடும். எத்தனால் வழியாகக் காற்றைக் குமிழியிட்டு, அந்த ஆவி கலந்த காற்றைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். ஈக்கு மூக்கு இல்லை. உடம்பின் பக்கவாட்டில் உள்ள சுவாசத் துளைகள் வழியாக ஆவி உள்ளே போகிறது. ஒரே வயதுப் பெண் ஈக்களை எடுத்து, குழாய்க்குப் பத்து என்று பல குழாய்களில் போட்டு, இரண்டு தொகுதியாகப் பிரிக்க வேண்டும். முதல் நாள் ஒரு தொகுதிக்கு எத்தனால் ஆவி, மற்றதற்கு வெறும் ஈரக் காற்று. முதலில் ஈக்கள் பரபரவென்று ஓடும், சுவரில் ஏறி விழும், பிறகு தள்ளாடும், கடைசியில் மல்லாந்து கிடந்து கால் மட்டும் அசையும். எல்லாம் அடங்கியதும் நல்ல காற்றை விட்டு, உணவுக் குழாய்க்கு மாற்றிவிடுவார்கள். சிறிது நேரத்தில் எழுந்துவிடும்.

மறுநாள் அதே மணிக்கு இரண்டு தொகுதிக்கும் ஒன்றாக ஆவி கொடுப்பார்கள். ஒரு தொகுதிக்கு அது முதல்முறை, மற்றதற்கு இரண்டாம்முறை. சில நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை ஈ விழுந்தது என்று எண்ணிக் கோடு வரைந்தால், சாதாரண ஈக்களில் இரண்டாம்முறைக் கோடு வலப்பக்கம் தள்ளிப்போயிருக்கும். அதாவது, விழக் கூடுதல் நேரம் எடுத்திருக்கும். அந்தத் தள்ளல்தான் தாங்குதிறன். ஒரே ஒருமுறை குடித்ததற்கே ஈ இவ்வளவு பழகிவிடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இதற்கு இன்னொரு கருவியும் உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் உயரமான கண்ணாடிக் குழல், உள்ளே அடுக்கடுக்காகச் சாய்ந்த வலைத்தட்டுகள். உச்சியில் ஈக்களை விட்டு ஆவியைச் செலுத்தினால், பிடிப்பு விட்ட ஈ தட்டுத்தட்டாகச் சறுக்கிக் கீழே வந்து விழும். முதல்முறை ஆவி பட்ட ஈ வந்து சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். உல்ரிக் ஹெபர்லைன் குழுவினர் இந்தக் குழலை வைத்துத்தான் 2000இல் ஈக்களின் தாங்குதிறனை விரிவாக எழுதினார்கள். ஆக்டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருள் இல்லாத ஈ சரியாகப் பழகாது என்பதையும் அப்போதே காட்டினார்கள்.

இந்தச் சோதனையைக் கெடுப்பவை நிறைய. குழாயின் உள்சுவரில் ஆவி குளிர்ந்து ஒரு சொட்டு நின்றால் ஈ அதில் ஒட்டிச் செத்துவிடும்; அதையும் ‘மயங்கியது’ என்று எண்ணிவிடுவார்கள். ஈக்களைப் பிரிக்கக் கரியமில வாயுவால் மயக்கியிருந்தால் குறைந்தது ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். கிழ ஈயும் இள ஈயும் கலந்தால் கோடு குழம்பும். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, மரபணு மாறிய ஈயையும் சாதாரண ஈயையும் வேறு வேறு வம்சாவளியிலிருந்து எடுத்து ஒப்பிடுவது. பல ஆய்வுக்கூட ஈக்களுக்குக் கண் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக்கண் மரபணு நிறத்தோடு நிற்பதில்லை, ஈயின் நடத்தையையும் மாற்றுகிறது. அதனால் ஒரே வம்சத்தில் பல தலைமுறை திரும்பத் திரும்பக் கலந்து எடுத்த பிறகே ஒப்பிடுவார்கள்.

இப்போது கடிகாரம். 1971இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் ஈக்களுக்கு ரசாயனம் கொடுத்துச் சடுதிமாற்றம் உண்டாக்கி, அவற்றின் பரம்பரையில் நேரம் தவறியவற்றைத் தேடினார்கள். மூன்று வகை கிடைத்தன. ஒன்றின் நாள் 19 மணி, இன்னொன்றின் நாள் 28 மணி, மூன்றாவதுக்கு நாள் என்பதே இல்லை. மூன்றுமே ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்கள். அதற்கு ‘பீரியட்’ என்று பெயர் வைத்தார்கள். ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் கிடைத்த நோபல் பரிசு, அந்த மரபணுவையும் அதைச் சுற்றியுள்ள மற்றவற்றையும் பிரித்தெடுத்து, கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்ததற்காக.

அந்த விதம் இது. ‘க்ளாக்’, ‘சைக்கிள்’ என்ற இரண்டு மரபணுக்களின் புரதங்கள் ஜோடி சேர்ந்து, ‘பீரியட்’, ‘டைம்லெஸ்’ மரபணுக்களை இயக்கிவிடுகின்றன. பொழுது சாய்ந்த பிறகு பீரியட், டைம்லெஸ் புரதங்கள் செல்லுக்குள், கடலில் ஓதம் ஏறுவதுபோல, ஏறுகின்றன. நள்ளிரவு வாக்கில் உட்கருவுக்குள் நுழைந்து, தங்களை இயக்கிய அந்த ஜோடியையே அமுக்கிவிடுகின்றன. விடிந்து வெளிச்சம் பட்டதும் டைம்லெஸ் சிதைகிறது. துணை போனதும் பீரியடும் சிதைகிறது. அமுக்கியவை போய்விட்டதால் ஜோடி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி. மூளையில் இந்தச் சுற்றை நடத்துபவை சுமார் 150 நரம்பு செல்கள்தான்.

(ஓதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடலோர உயிர்களுக்கு இந்த நாள் கடிகாரத்தோடு ஓதக் கடிகாரமும் உண்டு. அலை வந்து போகும் மணலில் புதையும் எமெரிட்டா ஏஷியாட்டிகா என்ற சிறு நண்டு, கடலைப் பார்க்காத தொட்டியிலும் ஓத நேரத்தை ஒட்டியே துடிப்பாகிறது என்று 1965இல் எழுதியவர் எம்.கே. சந்திரசேகரன். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் குகை வௌவால்களை வைத்தும், வெளிச்சமும் மணியும் தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அவர் செய்த உயிர்க்கடிகார ஆய்வுகள் உலகம் அறிந்தவை. அடுத்த முறை இப்படிக் கட்டுரை வரும்போது, இங்கே மதுரையில் நடந்ததையும் ஒரு வரி சேருங்கள்.)

கடிகாரமும் மதுவும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நைஜெல் அட்கின்சன் குழுவினர், மேலே சொன்ன இரண்டு நாள் சோதனையைக் கடிகாரம் கெட்ட ஈக்களிடம் செய்து 2013இல் வெளியிட்டார்கள். பீரியட் கெட்ட ஈ பழகவில்லை. டைம்லெஸ் கெட்ட ஈ பழகவில்லை. சைக்கிள் கெட்டதும் அப்படியே. இரண்டாம்முறைக் கோடு முதல்முறைக் கோட்டின் மேலேயே விழுந்தது. இதோடு நிறுத்தினால் உங்கள் தலைப்பு சரிபோலத் தோன்றும். ஆனால் க்ளாக் கெட்ட ஈ சாதாரண ஈயைப்போலவே பழகியது!

நான்கு வகைக்கும் நாள் என்பதே கிடையாது; இருட்டில் விட்டால் எந்நேரமும் ஒழுங்கில்லாமல் திரியும். தாங்குதிறனுக்குத் தேவை ‘நேரம் தெரிவது’ என்றால் நான்கும் ஒன்றுபோலத் தோற்றிருக்க வேண்டும். மூன்று தோற்று ஒன்று ஜெயித்தது என்றால், தேவைப்பட்டது கடிகாரத்தின் ஓட்டம் இல்லை. அந்த மூன்று மரபணுக்களுக்கும் கடிகாரத்துக்கு வெளியே இன்னொரு வேலை இருக்கிறது. தெர்மாமீட்டரில் உடம்புச் சூட்டைப் பார்த்துவிட்டு மணி என்ன என்று சொல்லக்கூடாது என்பதுபோல, கடிகார மரபணு என்று பெயர் இருப்பதாலேயே அது செய்வதெல்லாம் நேரம் காட்டுவது என்று நினைக்கக்கூடாது. இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் சைக்கிள். கடிகாரத்துக்குள் அதன் ஜோடி க்ளாக். ஜோடியில் ஒன்று போனால் பழக்கம் வருகிறது, மற்றது போனால் வருவதில்லை. அப்படியானால் மது விஷயத்தில் சைக்கிள் அந்தத் துணை இல்லாமலே ஏதோ செய்கிறது. அது என்ன என்பதை இந்தச் சோதனையிலிருந்து சொல்ல முடியாது.

ஒரு சந்தேகம் வரலாம்: பழகாத ஈக்களின் உடம்பில் மது கூடுதலாகச் சேர்ந்திருக்குமோ? வாயு நிறப்பிரிகை முறையில் ஈக்களை அரைத்து உள்ளே இருந்த எத்தனாலை அளந்து பார்த்தார்கள். உறிஞ்சுவதில் வேறுபாடு இல்லை. எனவே மாற்றம் நொதியில் இல்லை, நரம்பில். பயலஜி படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்த அளவீடு இல்லாமல் முன்சொன்ன முடிவுக்கு மதிப்பே இல்லை.

அப்படியானால் நேரத்துக்கும் மதுவுக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பழகுவதில் இல்லை, ஏறுவதில். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வான் டெர் லிண்டே, லிசா லயன்ஸ் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அதே அளவு ஆவிக்கு ஈ விழும் வேகம் மணிக்கு மணி மாறியது. பகலில் நின்று பிடித்த ஈ, பின்னிரவில் சீக்கிரம் விழுந்தது. இந்த ஈ பகலில் நடமாடுவது. பின்னிரவு அதற்கு உறக்க நேரம். ஆனால் மதுவுக்கு ஈ பழகும் அளவு மட்டும் எந்த மணியில் கொடுத்தாலும் மாறவில்லை. முன்பு ‘மறுநாள் அதே மணிக்கு’ என்று எழுதியதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். ஒரு தொகுதியைக் காலையிலும் இன்னொன்றை இரவிலும் சோதித்தால், ஏறுவதில் உள்ள மணி வேறுபாட்டைப் பழக்கம் என்று தப்பாக எழுதிவிடுவோம்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், இரவில் கடலுக்குப் போகிறவர்களுக்கு மது தாங்காது, பகலில் தாங்கும் என்று ஒரு வரி இருந்தது. இதை எழுதியவர் பாம்பன், ஏர்வாடி, தேவிபட்டினம் வாசகர்களை நினைத்து நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் ஈயிலிருந்து அங்கே தாவ வழியில்லை. ஈ பகல் பூச்சி. ராத்திரி வலை போட்டுப் பகலில் தூங்கும் ஒருவரின் கடிகாரம் எங்கே நிற்கிறது என்று அவரைச் சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. ‘பகலில் தாங்கும்’ என்று அச்சில் வந்தால் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பாலூட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எலி ஆய்வைச் சொல்லியிருக்கலாம். நமக்கும் எலிக்கும் பீரியட் வகை மரபணுக்கள் உண்டு. அவற்றில் இரண்டாவது கெட்ட சுண்டெலிகள் சாதாரணச் சுண்டெலிகளைவிடக் கூடுதலாக மது குடித்தன என்று ஜெர்மனியின் ஸ்பானகல் குழுவினர் 2005இல் காட்டினார்கள். மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் மிகுந்துபோனதே காரணம் என்றும் கண்டார்கள். அதுவும் எத்தனை மணிக்குக் குடிக்கலாம் என்பதைப் பற்றிய ஆய்வில்லை.

கட்டுரையின் ஓரப்பெட்டியில் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்று ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஈ இருக்கும் பாட்டிலில் போடச் சொல்லியிருந்தது. தயவுசெய்து இதைத் திருத்தி அச்சிடுங்கள். கல்லூரிகளே அனுமதி பெற்றுத்தான் எத்தனால் வாங்குகின்றன. பெயின்ட் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்தது அந்த மெத்தனால்தான். ஆவி தீப்பிடிக்கும். ஈக்கும் அது வேறு நஞ்சு என்பதால் கிடைக்கும் எண்ணும் பொய்.

மதுவே இல்லாமல் ஈயின் கடிகாரத்தைப் பள்ளியில் பார்க்க முடியும். கொனோப்கா தன் ஈக்களை முதலில் சலித்தெடுத்ததும் இதே வழியில்தான்: கூட்டுப்புழுவிலிருந்து ஈ எந்த மணிக்கு வெளியே வருகிறது என்று எண்ணுவது. ஈ விடியலை ஒட்டியே வெளிவரும். காற்றில் ஈரம் இருக்கும்போது வந்தால்தான் மடங்கிய சிறகு காய்வதற்குள் விரியும். ட்ரோசோஃபிலா என்ற கிரேக்கப் பெயருக்கே பனித்துளியை விரும்புவது என்று பொருள். நம் கடற்கரைக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆய்வுக்கூடங்கள் விளக்கு வைத்து 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று உண்டாக்குகின்றன. இங்கே ஆண்டின் எந்த நாளிலும் பகல் பதினொன்றரை மணிக்குக் குறைவதில்லை, பன்னிரண்டே முக்காலைத் தாண்டுவதில்லை. ஜன்னலே போதும்.

பிடிப்பது எளிது. கனிந்த வாழைப்பழத் துண்டைப் பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகிப் பழக்கடை ஓரத்தில் ஒரு பகல் வைத்தால் வந்துவிடும். முதுகில் வெள்ளைக் கோடு ஓடினால் அது சாப்ரியோனஸ் என்ற வேறு ஈ, விட்டுவிடுங்கள். ஒரே இனத்தை வைத்துக்கொள்வது முக்கியம்.

உணவுக்கு, கால் லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் ரவை, 25 கிராம் கருப்பட்டி அல்லது வெல்லம், இரண்டரை கிராம் அகார். அகார் கடையில் கடல்பாசி என்று கிடைப்பதுதான். மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் மண்ணும் சுண்ணாம்பும் நிற்கும். அகாரை அதில் கரையவிட்டு, ரவையைக் கட்டி தட்டாமல் தூவிக் கிளறி, பத்து நிமிடம் வேகவிடுங்கள். இறக்கி, பாத்திரத்தைக் கை தாங்கும் சூடு வந்த பிறகு இரண்டு மில்லி புரோபியானிக் அமிலம் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், நாலாம் நாள் பூஞ்சை பூக்கும். அமிலத்தை ஆசிரியர்தான் கையாள வேண்டும். அது கிடைக்காவிட்டால் வினிகர் ஒரு தேக்கரண்டி, ஓரளவுதான் தடுக்கும். எட்டு பாட்டில்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, துணி மூடி ஓர் இரவு விடுங்கள். சுவரில் நீர்த்துளி நின்றால் ஈ ஒட்டிச் சாகும். பிறகு நாலைந்து ஈஸ்ட் குருணை தூவி, பாட்டிலுக்குப் பத்துப் பதினைந்து ஜோடி விட்டுப் பஞ்சால் அடையுங்கள்.

பெற்றோர் ஈக்களை மூன்று நாளுக்கு ஒருமுறை அடுத்த பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். ஒரே நாளில் இட்ட முட்டைகள் என்றால் எல்லாம் ஒன்றாக வெளிவந்து முடிந்துவிடும், கடிகாரம் தெரியாது. பல வயதுக் கூட்டுப்புழுக்கள் கலந்திருந்து, இன்று வரவேண்டியவை இன்று விடியலிலும் நாளை வரவேண்டியவை நாளை விடியலிலும் வந்தால்தான் அது கடிகாரம். 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வரப் பத்து நாள். 30 டிகிரிக்கு மேல் போனால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் தொடங்க வேண்டாம். கார்த்திகையிலிருந்து தை வரை நல்ல காலம்.

மீன் ஏற்றும் தெர்மோகோல் ஐஸ் பெட்டி இதற்கு அருமையான கருவி. நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளே தண்ணீர் நிறைத்த இரண்டு லிட்டர் பாட்டில் மூன்று வைத்தால் சூடு ஏறி இறங்காது. காலையில் மூடியைத் திறந்து, பொழுது சாய்ந்ததும் மூடலாம். தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்தால் எல்லாம் வீண். பகலில் சூடு, இரவில் குளிர் என்ற ஏற்ற இறக்கத்தைக்கூட ஈ நேரமாக எடுத்துக்கொள்ளும். பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். எறும்பு ஒரே இரவில் புழுக்களைத் தூக்கிவிடும். கொசுவர்த்தியோ கொசு மருந்து மெஷினோ வைக்கும் அறை ஆகவே ஆகாது. கொசுவைக் கொல்வது இதையும் கொல்லும்.

கூட்டுப்புழுவின் உறை வழியாகச் சிவந்த கண்ணும் கறுத்த சிறகும் தெரிந்தால் மறுநாள் வரப்போகிறது என்று அர்த்தம். அன்று மாலை 6 மணிக்கு வெளியே வந்த எல்லா ஈக்களையும் தட்டி எடுத்துவிடுங்கள். விடியற்காலை 4 மணி, பிறகு 6, 8, 10 என்று மாலை 6 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை வந்தவற்றை வேறு பாட்டிலுக்குத் தட்டி, ஐஸ் மேல் சில நிமிடம் வைத்தால் அசையாமல் கிடக்கும், எண்ணலாம். புதிய ஈ வெளிறிப்போய், சிறகு கசங்கி, வயிற்றுத் தோல் வழியே ஒரு கரும்புள்ளி தெரியும்படி இருக்கும். முந்தைய முறை விட்டுப்போன ஈ கலந்தாலும் இந்த அடையாளத்தால் பிரித்துவிடலாம். இருட்டில் எண்ணும்போது டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை நாலு மடிப்பாகக் கட்டுங்கள். ஆழ்ந்த சிவப்பு ஈக்கு அநேகமாகத் தெரியாது. செல்போன் வெளிச்சம் நீலம் கலந்தது. ஒரு நொடி பட்டாலும் டைம்லெஸ் புரதம் சிதையத் தொடங்கி, கடிகாரம் நகர்ந்துவிடலாம்.

நாள் கணக்கு நூறு ஈயாவது இருக்கட்டும். இருபது முப்பதை வைத்துக் கோடு வரைந்தால் எதை வேண்டுமானாலும் காணலாம். மாலை 6 முதல் 4 வரை பத்து மணி நேரத்துக்கு ஒரே எண்தான் இருக்கும் என்பதால், மற்றவற்றோடு ஒப்பிட அதை ஐந்தால் வகுக்க வேண்டும். இதை மறந்து, ‘ராத்திரிதான் நிறைய வருகிறது’ என்று எழுதிய நோட்டுகள் ஏராளம். மூன்று நாள் இப்படி எண்ணியபின், காலையில் பெட்டியைத் திறந்து வைக்காமல் முழு இருட்டில் இன்னும் மூன்று நாள், சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் எண்ணுங்கள். விடியல் தெரியாத ஈ, விடியல் மணியிலேயே வரும். கடிகாரம் உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. முதல் மூன்று நாள் எண்ணியது வெளிச்சத்துக்கு எதிர்வினை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இந்த அட்டவணைக்கு உங்கள் நாளிதழிலிருந்து ஒரு எண் வேண்டும். முதல் பக்கத்தில் நீங்கள் போடும் சூரிய உதய நேரம் சென்னைக்கு உரியது. டிசம்பரில் சென்னைக்கும் ராமநாதபுரத்துக்கும் ஓரிரு நிமிட வேறுபாடுதான். ஜூனில் இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தியே உதிக்கிறது. எங்கள் பதிப்பிலாவது ராமநாதபுரத்து உதய நேரத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள்,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்கள்.